சத்தம் போடாதீங்க, ஆட்டம் நடக்குது!

திருப்பூரில் துருக்கியின் பெயர் அடிபடாத வாரம் குறைவு. விலையைக் குறைக்கச் சொல்லும் பையர் வங்கதேசத்தைக் காட்டுவார். டெலிவரியை முன்கூட்டிக் கேட்கிறவர் துருக்கியைக் காட்டுவார். ஐரோப்பாவை ஒட்டிய நாடு என்பதால் லாரியிலேயே சரக்கை ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள் அவர்கள். நாம் தூத்துக்குடிக்குக் கன்டெய்னரை அனுப்பிவிட்டுக் கப்பலுக்காகக் காத்திருக்கிறோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊருக்கு, துருக்கி என்றால் முதலில் போட்டிக்காரன்தான் நினைவுக்கு வருவான்.

அந்தத் துருக்கியை வேறொரு களத்திலும் யாராலும் அசைக்க முடியவில்லை. அங்கே நிற்பது மூன்று பெண்கள். மூவருக்கும் கண் முழுவதும் மூடப்பட்டிருக்கும். 2016 ரியோ, 2020 டோக்கியோ, 2024 பாரிஸ் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பெண்கள் கோல்பால் தங்கம் துருக்கிக்கே போனது. 2024 செப்டம்பர் 5 அன்று பாரிஸ் இறுதி ஆட்டத்தில் இஸ்ரேலை 8–3 என்று வென்றார்கள். அதற்கு முன் டோக்கியோவில் அமெரிக்காவை 9–2, ரியோவில் சீனாவை 4–1. ஸ்கோர்களைப் பார்த்தாலே தெரியும், எதுவும் மயிரிழையில் வந்த வெற்றி இல்லை.

கோல்பால் என்ற பெயரையே நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். கேள்விப்படாததற்குக் காரணம் உண்டு. பாராலிம்பிக்கில் இருக்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஒலிம்பிக்கிலும் இருக்கின்றன: ஓட்டம், நீச்சல், பேட்மின்டன், ஈட்டி எறிதல். கோல்பாலும் போச்சாவும் மட்டும் ஒலிம்பிக்கில் இல்லாதவை. பார்வையுள்ளவர்கள் ஆடும் ஏதோ ஒரு ஆட்டத்தை வெட்டித் தைத்துப் பார்வையற்றோருக்குக் கொடுத்த ஆல்டரேஷன் சரக்கு இல்லை இது. முதலிலிருந்தே அவர்களுக்காக அளவெடுத்துத் தைத்தது.

டேப்புக்கு அடியில் ஒரு கயிறு

ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடும் வாலிபால் கோர்ட்டின் அதே அளவு. ஆனால் இது உள்ளரங்கத்தில் மட்டும் ஆடுவது. நடுவே நெட் கிடையாது. இரு முனைகளிலும் அகலம் முழுக்க, அதாவது 9 மீட்டருக்கும், கோல் நிற்கும். உயரம் 1.3 மீட்டர். இந்த நீண்ட வாயைக் காக்க ஒரு பக்கத்துக்கு மூன்றே பேர். பெஞ்சில் மூன்று மாற்று ஆட்கள். 12 நிமிடம் கொண்ட இரண்டு பாதி. இடையில் எப்போதாவது ஒரு அணி 10 கோல் முன்னிலை பெற்றுவிட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

கோடுகள் கண்ணுக்காக வரைந்தவை அல்ல. தரையில் மெல்லிய கயிற்றை இழுத்து, அதன்மேல் 5 சென்டிமீட்டர் அகல டேப்பை ஒட்டுகிறார்கள். கால் விரலோ கை விரலோ பட்டால் அந்த மேடு தெரியும். ஓவர்லாக் அடித்த சீமை விரலால் தடவியே எங்கே கோணல் என்று சொல்லிவிடும் செக்கிங் பெண்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். வீராங்கனை தன் இடத்தைத் தவறவிட்டால் குனிந்து தரையைத் தடவுவாள். கோடு கிடைத்ததும் திரும்பி நிற்பாள். கோல் கம்பத்தைப் பின்னால் கைநீட்டித் தொட்டுத் திசை சரிபார்ப்பதும் உண்டு.

பந்து கூடைப்பந்தின் பருமன், எடை அதைப்போல இரண்டு மடங்கு. 1.25 கிலோ. ரப்பரால் ஆனது, காற்று அடிப்பது கிடையாது. மேலே எட்டுத் துளைகள், உள்ளே மணிகள். உருளும்போதும் குதிக்கும்போதும் மணிச்சத்தம் அந்தத் துளைகள் வழியே வெளியே வரும். எதிரணியின் கண்ணும் காதும் எல்லாமே அந்தச் சத்தம்தான்.

எல்லோரும் ஒளி புகாத கண்மூடி அணிகிறார்கள். பார்வைக் குறைபாட்டில் பல நிலைகள் உண்டு. ஏறக்குறைய எதுவுமே தெரியாதவர் பி1, நிழலாகத் தெரிகிறவர் பி2, ஓரளவு தெரிகிறவர் பி3. இந்த மூன்று நிலைகளையும் கண்மூடி ஒரே நிலையாக்கிவிடுகிறது. பெரிய போட்டிகளில் அதற்கு உள்ளே கண்ணின்மேல் ஒட்டும் பட்டையும் போட்டுவிடுகிறார்கள். ஆட்டத்தின் நடுவே நடுவரைக் கேட்காமல் கண்மூடியைத் தொட்டால்கூட பெனால்டி. தொட்டுச் சரிசெய்தேன் என்ற சாக்கு எடுபடாது.

பிறகு நடுவர் 'குவயட் ப்ளீஸ்' என்பார். அரங்கம் அடங்கும். கைதட்டல், செல்போன், குழந்தையின் அழுகை எதுவும் கூடாது. 'ப்ளே' என்றதும் பந்து உருளும். கோல் விழுந்தால்தான் கூட்டம் கத்தலாம். அடுத்த 'குவயட் ப்ளீஸ்' வரும்வரை மட்டும். ஆயிரக்கணக்கானோர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்கும் விளையாட்டு வேறு எது இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் டென்னிஸும் செஸ்ஸும் தேறும். டென்னிஸில் மௌனம் மரியாதைக்காக. இங்கே யாராவது இருமினால் ஒரு கோல் விழுந்துவிடலாம்.

ஏமாற்றத் தெரிந்தவள்தான் கெட்டிக்காரி

பந்தைக் கையால் உருட்டி எறிய வேண்டும். அது நேராக எதிரணியின் வாய்க்குப் போய்விட முடியாது. எறிகிறவளின் பக்கத்தில் உள்ள முதல் ஆறு மீட்டருக்குள் ஒரு முறை தரையைத் தொட வேண்டும். நடுவில் உள்ள ஆறு மீட்டர்ப் பொதுப் பரப்பிலும் ஒரு முறை தொட வேண்டும். தொடாவிட்டால் பெனால்டி. எதிராளிக்குச் சத்தம் கேட்கும் வாய்ப்பைக் கொடுத்தே தீர வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம்.

வாய்ப்பைக் கொடுத்த கையோடு அதைப் பறிப்பதில்தான் ஆட்டத்தின் ருசி. பந்தைப் பிடித்த பெண் அதை மணி அசையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, ஓசை எழாத அடிவைத்து, தன் பக்கத்தின் மறு ஓரத்துக்கு நடந்துபோவாள். அதே நேரத்தில் இந்த ஓரத்தில் இன்னொருத்தி தரையைத் தட்டுவாள், ஓடுவதுபோலக் காலடிச் சத்தம் எழுப்புவாள். எதிரணியினர் இந்தப் பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்திலிருந்து பந்து கிளம்பும். சிலர் இரு கால்களுக்கு இடையே பின்னாலிருந்து பந்தை விடுவார்கள். சிலர் ஒரு முழுச் சுற்று சுற்றி வேகம் ஏற்றி விடுவார்கள். தரையோடு வழுக்கி வரும் பந்தைக்காட்டிலும் குதித்து வரும் பந்து பொல்லாதது. படுத்திருக்கும் உடம்பின்மேல் பட்டுத் தாண்டிவிடும்.

எல்லாவற்றுக்கும் 10 விநாடிதான். எதிரணியின் பந்து நம் மேல் பட்டதிலிருந்து 10 விநாடிக்குள் அது நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பிப் போயிருக்க வேண்டும். பந்து எங்கே கிடக்கிறது என்று தேடுவதும், யார் எறிவது என்று முடிவு செய்வதும், பொய்ச்சத்தம் போடுவதும், எறிவதும் அந்தப் பத்துக்குள். ஆட்டம் ஓடும்போது பெஞ்சிலிருந்து கோச் 'இடது, வலது' என்று குரல் கொடுக்க முடியாது. எறியும் கணத்தில் அளவுக்கு மீறிச் சத்தம் போட்டு எதிராளியின் காதைக் குழப்பினால் அதற்கும் பெனால்டி உண்டு. ஏமாற்றலாம்; எவ்வளவு என்பதற்குத்தான் வரம்பு.

தடுக்கும் விதத்தைப் பார்த்தால் முதலில் பயம்தான் வரும். மணிச்சத்தம் கிளம்பியதும் மூவரும் பக்கவாட்டில் தரையில் விழுவார்கள். கைகள் தலைக்குமேல் நீண்டிருக்கும், கால்கள் நேராக இருக்கும், உடம்பு ஒரு சுவராகிவிடும். உச்ச நிலை ஆண்கள் எறியும் பந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்கிறார்கள். பெண்கள் எறிவது அதைவிடக் கொஞ்சம் குறைவு. வயிற்றில் படும், முகத்தில் படும். முழங்கை, முழங்கால், இடுப்பு எல்லாவற்றிலும் திண்டு கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.

பெனால்டி வந்தால் தவறு செய்தவள் தனியாக நிற்க வேண்டும். மற்ற இருவரும் வெளியே போய்விடுவார்கள். 9 மீட்டர் வாய், ஒரு ஆள். எந்தப் பக்கம் பாய்வது என்று சொல்ல மணி மட்டும்.

ஒரே ஒரு கோல்

போரில் கண் இழந்த சிப்பாய்களுக்காக 1946-இல் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் லோரன்ட்சனும் ஜெர்மனியின் செப் ரைண்ட்லேயும் உருவாக்கியது இந்த ஆட்டம். 1972 ஹைடெல்பெர்க் பாராலிம்பிக்கில் காட்சி ஆட்டமாக வந்து, 1976 டொரன்டோவில் பதக்க விளையாட்டானது. அதுவும் ஆண்களுக்கு. பெண்கள் உள்ளே வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வந்தபின் அவர்கள் ஆடிய ஆட்டங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2012 லண்டன் இறுதி ஆட்டம், ஜப்பானும் சீனாவும். முதல் பாதியில் ஜப்பானின் அகிகோ அடாச்சி ஒரு கோல் போட்டார். அதற்குப்பின் கடைசி விநாடிவரை இரு பக்கமும் கோல் இல்லை. 1–0. பத்து, பன்னிரண்டு கோல் சர்வசாதாரணமாக விழும் விளையாட்டில் ஒரே கோலில் தங்கம். மூன்று பெண்கள் 9 மீட்டர் வாயைச் சீனாவின் எறிகளுக்கு எதிராகக் கடைசிவரை மூடியே வைத்திருந்தார்கள். கோல்பாலில் ஜப்பானுக்கு அது முதல் தங்கம். சீனப் பெண்களின் கதைதான் பாவம்: 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவிடம் 6–5, 2012-இல் இது, 2016-இல் துருக்கியிடம். தொடர்ந்து மூன்று வெள்ளி.

லண்டனில் ஆடிய பத்துப் பெண்கள் அணிகளில் துருக்கி இல்லை. நான்கே ஆண்டில் ரியோவுக்கு முதல் முறையாக வந்தார்கள், முதல் முறையே தங்கம். அந்த அணியின் பெரிய பெயர் செவ்தா அல்துனோலுக். ரியோவிலும் டோக்கியோவிலும் அதிக கோல் போட்டவர் அவர்தான். 2022-இல் போர்ச்சுகலின் மத்தோசின்யோஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பிலும் தென் கொரியாவை வென்று துருக்கி பட்டம் எடுத்தது.

ஒரு செவ்தா எங்கிருந்தும் முளைக்கலாம். அடுத்தடுத்து மூன்று தங்கம் அப்படி முளைப்பதில்லை. துருக்கியில் பார்வைக் குறைபாடு உள்ளோர் விளையாட்டுக்கென்றே தனிக் கூட்டமைப்பு இருக்கிறது. பார்வையற்றோர் பள்ளிகளில் கோல்பால் ஆடுகிறார்கள். பள்ளி முடித்தவர்களுக்குக் கிளப் இருக்கிறது. சில கிளப்புகளை நகராட்சிகளே நடத்துகின்றன. பெண்களுக்கென்று லீக் நடக்கிறது. அதாவது, தேசிய அணிக்கு ஆறு பேர் வேண்டுமென்றால் ஆண்டு முழுவதும் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருக்கும் பல அணிகளிலிருந்து பொறுக்கி எடுக்கிறார்கள். ஆர்டர் வந்தபின் நூல் தேடுகிற கம்பெனிக்கும், நூலைக் கையில் வைத்திருக்கும் கம்பெனிக்கும் டெலிவரியில் என்ன வித்தியாசம் என்று திருப்பூருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம்மவர்கள் எங்கே?

பாரிஸ் பாராலிம்பிக்குக்கு இந்தியா 84 பேரை அனுப்பி 29 பதக்கங்களோடு திரும்பியது. ஏழு தங்கம், ஒன்பது வெள்ளி, 13 வெண்கலம். இதுவரை இல்லாத அறுவடை. தமிழ்நாட்டின் பங்கு நான்கு: பேட்மின்டனில் துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி, மனிஷா ராமதாஸுக்கும் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம், உயரம் தாண்டுதலில் சேலத்துக்காரர் மாரியப்பன் தங்கவேலுவுக்கு வெண்கலம். நான்கில் மூன்று பெண்கள். மாநில அரசு இந்த நால்வருக்கும் சேர்த்து 5 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் சிம்ரன் சர்மா 200 மீட்டர் ஓட்டத்திலும் கபில் பர்மார் ஜூடோவிலும் வெண்கலம் வாங்கினார்கள்.

அந்த 29-ஐ ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஓட்டம், எறிதல், தாண்டுதல், துப்பாக்கி, அம்பு, பேட்மின்டன், ஜூடோ. பந்தை நடுவில் வைத்து ஒரு அணி ஆடி வாங்கியது ஒன்றுகூட இல்லை. பாராலிம்பிக் கோல்பாலில் இந்திய அணி, ஆணோ பெண்ணோ, இதுவரை களம் இறங்கியதே இல்லை.

பார்வையற்ற இந்தியப் பெண்களுக்கு அணியாக ஆட வராது என்று யாராவது நினைத்தால், அவர்கள் கொழும்பைப் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 23, பி. சாரா ஓவல் மைதானம். பார்வையற்ற பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். நேபாளம் 20 ஓவரில் 114. அந்த இன்னிங்ஸில் விழுந்த பவுண்டரி ஒன்றே ஒன்று. இந்தியா மூன்று விக்கெட் இழந்து, 13-ஆவது ஓவரிலேயே கதையை முடித்தது. ஒடிசாவின் ஃபுலா சரேன் ஆட்டமிழக்காமல் 44. கேப்டன் கர்நாடகத்தின் தீபிகா டி.சி. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2023 ஆகஸ்டில், பர்மிங்காமில் நடந்த பார்வையற்றோர் உலக விளையாட்டுப் போட்டியிலும் இந்தியப் பெண்கள் ஆஸ்திரேலியாவை ஒன்பது விக்கெட்டில் வென்று தங்கம் எடுத்தார்கள். அதே போட்டியில் ஆண்கள் அணி பாகிஸ்தானிடம் தோற்று வெள்ளியோடு திரும்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கிரிக்கெட்டிலும் பந்துக்குள் சிறு உலோகக் குண்டுகள் குலுங்கும். பந்து வீசுகிறவர் 'ரெடி' என்று கேட்பார், பேட் பிடித்தவர் 'யெஸ்' என்றபின் 'ப்ளே' சொல்லி கீழ்க்கையால் விடுவார். பதினொரு பேரில் நான்கு பேராவது முழுப் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டங்கள் இரண்டு மடங்காகக் கணக்கில் ஏறும். நல்ல ஏற்பாடு.

கொழும்பில் கோப்பையைத் தூக்கிய 16 பேர் ஒன்பது மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். கர்நாடகம், ஆந்திரம், ஒடிசா, மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், டெல்லி, அசாம், பிகார், ராஜஸ்தான். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்து மாநிலங்களின் பெயர்களைப் படித்துவிட்டு நம்முடையதைத் தேடும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. பக்கத்துக் கேரளமோ 2025-இல் பார்வையற்ற பெண்களின் கால்பந்து உலகச் சாம்பியன்ஷிப்பையே கொச்சிக்குக் கொண்டுவந்துவிட்டது. திருப்பூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி.

இங்கே ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. உலகக் கோப்பையை வென்ற அந்தக் கிரிக்கெட் பாராலிம்பிக்கில் கிடையாது. பார்வையற்றோர் கால்பந்து உண்டு, ஆனால் ஆண்களுக்கு மட்டும். அப்படியானால் பார்வையற்ற ஒரு பெண், அணியாகப் பந்து ஆடிப் பாராலிம்பிக் மேடையில் ஏற வேண்டுமென்றால் அவளுக்கு இருக்கும் வழி ஒன்றே ஒன்று: கோல்பால். உலகம் முழுவதும் அந்தக் கதவு மிகச் சிறியது. பாரிஸில் எட்டு அணிகள், அணிக்கு ஆறு பேர், மொத்தம் 48 பெண்கள். அந்தக் கதவைத் தட்டிப்பார்க்கக்கூட நம் பக்கத்தில் ஆள் தயாராகவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

விழப் பழகுதல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளோர் 50 லட்சம் பேர். தமிழ்நாட்டில் சுமார் 1.27 லட்சம். இவர்களில் பள்ளி வயதுப் பெண் குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள்? திருச்சி புத்தூரில் பெண்களுக்கான அரசுப் பார்வையற்றோர் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. வேறு ஊர்களிலும் அரசும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. விடுதியோடு கூடிய இந்தப் பள்ளிகளில் ஒரே வயதில் ஆறு பேர் கிடைப்பது சுலபம். சாதாரணப் பள்ளியில், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் பார்வையற்ற மாணவியின் நிலைமை வேறு. பாடத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ள ஆசிரியர்கள் மெனக்கெடுகிறார்கள். பி.டி. பீரியட் வந்ததும் 'நீ கிளாஸ்லயே உக்காந்துக்கோ கண்ணு' என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். பத்து வருடம் அப்படி அன்பாக உட்காரவைத்தால் அந்த உடம்பு ஓடுவதை மறந்துவிடும்.

வீட்டிலும் இதே கதை. பெண் பிள்ளை, பார்வையும் இல்லை, எங்கேயாவது விழுந்து அடிபட்டால் யார் பார்ப்பது? தாயின் கவலையைக் குறை சொல்ல முடியாது. விழாமல் இருப்பதே வாழ்க்கையின் முதல் விதி என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, கோல்பாலின் முதல் பாடமே விழுவதுதான். சத்தம் வரும் பக்கம் யோசிக்காமல் உடம்பைத் தூக்கிப் போட வேண்டும். தலையைத் திருப்பி முகத்தைக் காக்க வேண்டும். எழுந்ததும் கோட்டைத் தடவித் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். இதில் பழகிய பெண் கைத்தடியோடு பேருந்து நிலையத்தில் நடக்கும் நடை வேறாக இருக்கும் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, விளையாட்டில் அவர்களுக்குச் சம வாய்ப்பு கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அது வரவேற்க வேண்டியது. ஆனால் வருடத்தில் ஒரு நாள் நடக்கும் போட்டிக்கு வந்து ஓடிவிட்டுப் போகிற பெண்ணுக்கு மறுநாளிலிருந்து எங்கே பயிற்சி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பதக்கம் வாங்கியபின் கோடிகளில் பரிசு. வாங்குவதற்கு முன் ஒரு பந்து, ஒரு கண்மூடி, ஒரு அறை.

திருப்பூரால் ஆகும் காரியம்

இந்த ஊரில் காது கேளாத, வாய் பேசாத தொழிலாளர்கள் டெய்லராகவும் செக்கிங்கிலும் வேலை செய்வதைப் பார்க்கிறோம். பார்வையற்றவர்களை அந்த அளவுக்குப் பார்க்க முடிவதில்லை. விழாக்களில் மட்டும் பார்க்கிறோம். அரிசி, சேலை, கைத்தடி வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும் வரிசையில். கொடுப்பவர்களின் மனசு நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை. பேனரில் கொடுப்பவர் படம் பெரிதாகவும் வாங்குபவர் படம் இல்லாமலும் இருப்பது நம் ஊர் வழக்கம், அதை விட்டுத்தள்ளுங்கள்.

கம்பெனிச் சட்டம் 2013-இன்படி, குறிப்பிட்ட அளவுக்குமேல் லாபமோ விற்பனையோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எந்தெந்தப் பணிகள் என்று ஏழாவது அட்டவணை பட்டியல் போடுகிறது. அதில் பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி என்பது வெளிப்படையாகவே இருக்கிறது. கோல்பால் பாராலிம்பிக் விளையாட்டு. ஆடிட்டரிடம் தனியாக விளக்கம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

பொருட்களைப் பாருங்கள். கயிறும் டேப்பும் காதர்பேட்டையில் ஐந்து நிமிட நடையில் கிடைக்கும். ஜெர்சிக்கு விதி உண்டு: உடம்பிலிருந்து 10 சென்டிமீட்டருக்குமேல் துணி தள்ளி நிற்கக் கூடாது, முன்னும் பின்னும் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு எண் இருக்க வேண்டும். தளர்ந்த பனியனில் பந்து சிக்கி நின்றால் அது தடுப்பு ஆகிவிடுமே, அதனால்தான். இடுப்பிலும் முழங்காலிலும் ஃபோம் வைத்துத் தைத்த பேன்ட் வேண்டும். நம் பேட்டர்ன் மாஸ்டர் ஒருவரிடம் காலையில் அளவைக் கொடுத்தால் மாலையில் சாம்பிள் மேஜையில் இருக்கும். பந்தை மட்டும் வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும்.

இடம்? சிக்கண்ணா கல்லூரி மைதானம் காலையில் நிரம்பி வழிகிறது, ஆனால் திறந்த வெளி கோல்பாலுக்கு ஆகாது. தறிச் சத்தம், ஜெனரேட்டர், பஸ் ஹாரன் இல்லாத, கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு ஹால் வேண்டும். அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் தாராபுரம் ரோட்டிலும் வரிசையாக நிற்கும் கல்யாண மண்டபங்களில் 18-க்கு 9 மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் அவை பூட்டிக் கிடக்கின்றன. ஒரே சிக்கல் எதிரொலி. டைல்ஸ் தரை, வெறும் சுவர், உயரக் கூரை; மணிச்சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்பினால் பந்து எங்கே வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சுவர் நெடுக துணியைத் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். ஷேடு மாறிப்போன ரோல்கள் குடோனில் அடுக்கிக் கிடக்கும் ஊரில் துணிக்குப் பஞ்சம் இல்லை.

ஆட்களைத் திரட்டுவதுதான் கடினம். உடுமலையில் ஒரு பெண் இருப்பாள், காங்கேயத்தில் ஒருத்தி, ஊத்துக்குளிப் பக்கம் இரண்டு பேர். அவர்களை வாராவாரம் ஒரு இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும், அவருக்கு அன்றைய கூலி போகும். பார்வையற்ற பெண்களின் விளையாட்டு பெரும்பாலும் செத்துப்போகிற இடம் இதுதான். திறமை இல்லாமல் அல்ல, பஸ் இல்லாமல். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வேறு பல மாவட்டங்களுக்கு இல்லாத வசதி திருப்பூருக்கு இருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் விடியற்காலையில் போய்ப் பெண்களை ஏற்றி வந்து, இரவு பத்திரமாக வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் பழகிய கம்பெனி வேன்கள் இங்கே ஏராளம். எந்த ஊரில், எந்தத் திருப்பத்தில், யார் வீட்டுப் பெண் நிற்பாள் என்று அந்த டிரைவர்களுக்கு அத்துப்படி. அவர்களை நம்பித்தான் ஆயிரக்கணக்கான தாய்மார்கள் ஏற்கெனவே மகளை அனுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டிகளில் பாதி கம்பெனி வாசலில்தான் நிற்கின்றன. டீசலும், டிரைவருக்கு ஒரு நாள் பேட்டாவும்தான் செலவு.